கோழி குடியிருக்கும் வீடும் நம் கடைக்கு வரும் முட்டையும்

அச்சன்புதூர் கடைவீதியில் ஒரு சித்திரை மாதத்தில் நடந்த சிறு தகராறிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். நம் உறுப்பினர் ஒருவருடைய மளிகைக் கடையில் ‘நாட்டு முட்டை’ என்று பத்து முட்டை வாங்கிச் சென்ற அம்மா ஒருவர், மறுநாள் காலையில் நான்கு முட்டைகளை உடைத்து ஊற்றிய கிண்ணத்தோடு வந்து அதை அப்படியே கல்லாவின் மேல் வைத்துவிட்டார். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலைச் சுற்றியதுபோல ரத்த வளையம். “இது முட்டையா, குஞ்சா அண்ணாச்சி?” என்று அவர் கேட்ட கேள்விக்குக் கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவருடைய மனக்குறை தீரவில்லை. அந்த முட்டைகள் கடைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தன. பக்கத்திலேயே பத்து நாளாக இருந்த நாமக்கல் வெள்ளை முட்டையில் ஒரு குறையும் இல்லை. விலை குறைந்த முட்டை நிற்கிறது, விலை கூடிய முட்டை கெடுகிறது. இது என்ன நியாயம் என்று அவர் நம்மிடம் கேட்டார்.

நியாயம் கோழி குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. முட்டையை வாங்கி விற்கும் நாம் அட்டையின் விலையைக் கேட்கிறோம், உருவைப் பார்க்கிறோம், விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறோம். அந்தக் கோழி எந்த விதமான கொட்டகையில் வளர்ந்தது, அங்கே சேவல் இருந்ததா என்று கேட்பதில்லை. சித்திரை வைகாசியில் நமக்கு ஏற்படும் நஷ்டத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருவதுதான்.

சேவல் இல்லாத வீடு

நம் பகுதிக்கு வரும் வெள்ளை முட்டை நாமக்கல் வட்டாரத்துச் சரக்கு. அங்கே தொடக்க காலத்தில் கோழிகள் தரையில்தான் வளர்ந்தன. பிறகு கூண்டு முறை வந்து வழக்கமாகிவிட்டது. பண்ணைக்காரர்கள் இதனைக் ‘கேஜ்’ என்றே சொல்வார்கள். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய கொட்டகையில் கம்பிக் கூண்டுகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கூண்டில் மூன்று நான்கு கோழிகள். கூண்டின் அடித்தளம் முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதால், இட்ட முட்டை உருண்டு வெளியே வந்து நின்றுவிடும். எச்சம் கீழே விழுந்து காய்ந்து வயலுக்கு உரமாகப் போய்விடும். முட்டையும் எச்சமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இந்த முறையின் பெரிய பலன் இதுதான். முட்டை ஓடு சுத்தமாக வருவதற்கும் அதிக நாள் தாங்குவதற்கும் முதற்காரணம் இது.

இரண்டாவது காரணம், அங்கே சேவலே கிடையாது. கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை என்பது வணிகர்களிலேயே பலருக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஏறத்தாழ 18 முதல் 20 வார வயதில் பெட்டைக்கோழி தானாகவே முட்டையிடத் தொடங்கிவிடும். சேவல் சேராத முட்டையில் உயிர்க்கரு இல்லை. ஆகவே அது வெயிலில் இருந்தாலும் நாளடைவில் நீர் வற்றி இளகிப் போகுமே தவிர, அதில் ரத்த நாளம் ஓடாது. ‘சைவ முட்டை’ என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதற்கு அடிப்படை இதுவே.

அந்தக் கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன. இதற்கு இனத்தேர்வு ஒரு காரணம். நம் நாட்டில் பரவலாக உள்ள பி.வி. 300 போன்ற இனங்கள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. வெளிச்சம் மற்றொரு காரணம். கோழியின் மூளையடிச் சுரப்பியைத் தூண்டி முட்டைக்குத் தயார் செய்வது வெளிச்சம். நம் ஊர்ப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பண்ணையில் விளக்குப் போட்டு அதனைப் பதினாறு மணி நேரமாக்குகிறார்கள். விடியாத இருட்டில் நாமக்கல் வழியாகப் பஸ்ஸில் போனவர்கள், ஊர் உறங்கும்போது கொட்டகைகள் மட்டும் விழித்திருப்பதைப் பார்த்திருப்பார்கள்.

தீவனக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். ஆண்டுக்கு 40 கிலோ. 300 முட்டை கிடைத்தால் முட்டைக்கு 134 கிராம் தீவனம். தரையில் ஓடியாடும் கோழிக்கு ஓட்டத்திற்கும் சேர்த்துத் தீவனம் வேண்டும். நாமக்கல் முட்டை விலை மக்காச்சோள விலையோடு ஏறி இறங்குவதன் ரகசியம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. நாளிதழில் நாம் பார்க்கும் விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, 1982இல் டாக்டர் பி.வி. ராவ் அவர்களின் முயற்சியால் ஏற்பட்டது. பண்ணைக்காரர்கள், இடையில் நின்று விலை வைத்த பெரிய வியாபாரிகளை எதிர்த்துத் தொடங்கிய அமைப்பு அது. நம் பத்திரிகையில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடமாக இருந்தாலும், உண்மையை மறைப்பானேன்?

கூண்டு முறைக்குக் குறை இல்லையா என்றால், இருக்கிறது. கோழிக்கு அங்கே கிடைக்கும் இடம் அறுபது எழுபது சதுர அங்குலம். நாம் பில் அடிக்கும் ஏ4 தாளை விரித்தால் அதைவிடப் பெரிது. சிறகை விரிக்கவோ, மண்ணில் புரளவோ, மறைவிடம் தேடி முட்டையிடவோ வழியில்லை. நடமாட்டம் இன்மையால் எலும்பு பலவீனப்பட்டுக் கால் ஊன்ற முடியாமல் போகும் கோழிகளும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1999இல் சட்டம் இயற்றி, 2012 முதல் இந்த வகை வெறுங்கூண்டுகளைத் தடை செய்துவிட்டன. அங்கே கூண்டு வைத்தால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், முட்டையிட மறைவிடமும், உட்காரக் கம்பும் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் மத்திய சட்ட ஆணையம் 2017இல் அளித்த 269ஆவது அறிக்கை, முட்டைக்கோழிகளையும் கறிக்கோழிகளையும் வைத்திருக்கும் முறையைப் பற்றியதே. விதிகள் மாறினால் கொட்டகைச் செலவு மாறும். அச்செலவு கடைசியில் நம் கடை விலைப் பலகையில்தான் வந்து நிற்கும்.

தாய்க்கோழியின் வீடு

இப்போது நம் கதைக்கு முக்கியமான வேறொரு கோழிக்கு வருவோம். கறிக்கோழிக் குஞ்சும் முட்டைக்கோழிக் குஞ்சும் வானத்திலிருந்து விழுவதில்லை. அவற்றை ஈனும் தாய்க்கோழிகளுக்குத் தனிப் பண்ணைகள் உள்ளன. உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் கறிக்கோழித் தொழில் பெருகியபோது தாய்க்கோழிப் பண்ணைகளும் குஞ்சு பொரிப்பகங்களும் கூடவே பெருகின. இந்தப் பண்ணையின் வியாபாரம் முட்டை அன்று, குஞ்சு. ஆகவே இங்கே சேவல் கட்டாயம்.

இங்கே பழைய முறை, ஆழ்கூளம். சிமெண்டுத் தளத்தின் மேல் உமியோ, கடலைத்தோலோ, மரத்தூளோ நான்கு விரற்கடைக்குக் குறையாமல் பரப்பி அதன்மேல் கோழிகளைத் திறந்து விடுவார்கள். சில பண்ணைகளில் பாதிக்கு மேல் பலகைத் தளமும் மீதி கூளமுமாக இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. சேவல் குறைந்தால் பல முட்டை கருக் கூடாமல் போகும். கூடினால் சேவல்கள் தமக்குள் சண்டையிட்டுப் பெட்டைகளின் முதுகையும் கிழித்துவிடும். கூண்டில் கிடைப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இடம் ஒவ்வொரு கோழிக்கும் இங்கே கிடைக்கிறது.

இவ்வளவு இடம் கொடுத்தும் கறிக்கோழித் தாய் இடுவது அதன் பலன்தரும் காலம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 170 முதல் 180 முட்டைதான். வீடு சரியில்லை என்பதால் அன்று. வேகமாகச் சதை வைக்கும் இனம் முட்டையில் பின்தங்குவது இயற்கை. வயிறு நிறையப் போட்டால் கொழுத்துப்போய் முட்டை இன்னும் குறையும். எனவே தாய்க்கோழிக்குத் தீவனத்தை நிறுத்து அளந்துதான் போடுகிறார்கள். பெட்டையின் தீவனத் தொட்டிமேல் சேவல் தலை நுழையாதபடி குறுகிய கம்பித் தடுப்பு இருக்கும். சேவலின் தொட்டி பெட்டைக்கு எட்டாத உயரத்தில் தொங்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு பந்தி!

இனி, பண்ணைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் சங்கதிக்கு வருவோம். பெட்டை இருட்டு மூலை தேடி முட்டையிடும். நான்கைந்து கோழிக்கு ஒன்று என்று முட்டைப் பெட்டி வைத்து, பருவத்துக்கு வருமுன்பே அவற்றைப் பழக்க வேண்டும். பழகாத கோழி கூளத்தில் இட்டுவிடும். அது ‘தரை முட்டை’. முட்டை வெளிவரும்போது கோழியின் உடல் சூடு அதில் இருக்கிறது. வெளியே வந்து குளிரும்போது உள்ளே சுருங்குகிறது. சுருங்கும்போது ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. பக்கத்தில் எச்சம் இருந்தால் காற்றோடு கிருமியும் உள்ளே போகும். கழுவினால் சரியாகிவிடாதா? கழுவும்போது ஓட்டின் மேல் இயற்கை பூசியிருக்கும் மெல்லிய பூச்சும் போய்விடுகிறது. அழுக்குத் தண்ணீர் துளைக்குள் இறங்குகிறது. இத்தகைய முட்டை பொரிப்பானின் 37.5 டிகிரி சூட்டில் அழுகி, வெடித்து, சுற்றியுள்ள நல்ல முட்டைகளையும் கெடுத்துவிடும். ஆதலால் நல்ல பண்ணையில் காலையில் மட்டும் இரண்டு மூன்று தடவை முட்டை பொறுக்குகிறார்கள். தரை முட்டையைப் பொரிப்பானுக்கு அனுப்புவதில்லை.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கத் தாய்க்கோழிகளையும் கூண்டில் வைக்கும் பண்ணைகள் இன்று நம் நாட்டில் பல. சேவல்கள் தனிக்கூண்டில், பெட்டைகள் தனிக்கூண்டில். ஐந்து நாளுக்கோ வாரத்துக்கோ ஒருமுறை ஆட்களே செயற்கை முறையில் கருவூட்டுகிறார்கள். முட்டை சுத்தம், சேவல் செலவும் குறைவு. ஆனால் ஆட்கூலி அதிகம், கைப்பழக்கம் உள்ள ஆள் கிடைக்காத வாரம் பொரிப்புக் குறைந்துவிடும். கூளத்தில் சேவல் தானே செய்யும் வேலைக்கு இங்கே சம்பளம் கொடுக்க வேண்டும். எது உயர்ந்தது என்று ஒரே வாக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை. கூலியும் உமியும் எந்த விலைக்குக் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

கழித்த முட்டை எங்கே போகிறது?

பொரிப்பானுக்கு ஆகாத தாய்க்கோழி முட்டைகள் பல உண்டு. முதல் வாரங்களில் இடும் சிற்றுருவ முட்டை, இரட்டைக்கரு முட்டை, கோணல் முட்டை, தரை முட்டை. இவற்றை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. கறிக்கோழித் தாயின் முட்டை ஓடு தூய வெள்ளையாக இராது, இளம்பழுப்பாக இருக்கும். நம் வாடிக்கையாளர் கண்ணுக்கு இளம்பழுப்பு என்றாலே நாட்டு முட்டை. மேற்கொண்டு நாம் விளக்க வேண்டியதில்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. கோழி கூண்டில் இருந்ததா, தோட்டத்தில் மேய்ந்ததா என்பதை ஓட்டின் நிறம் சொல்லாது. மஞ்சள் கருவின் நிறமும் தீவனத்தைப் பொறுத்ததே. மக்காச்சோளம் தின்றாலும் கீரை மேய்ந்தாலும் கரு நிறம் கூடும்.

உண்மையான நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு திரியும் காலம். ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டை கிடைத்தாலே அதிகம். அப்படியானால், ஒரே வியாபாரி வாரம் தவறாமல் நூறு அட்டை ‘நாட்டு முட்டை’ கொண்டுவந்து இறக்கினால், அத்தனை கோழி எந்த ஊர்க் கொல்லையில் மேய்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தாய்க்கோழிப் பண்ணையில் கழித்ததானாலும், மேக்கரை, பண்பொழிப் பக்கத்து வீடுகளில் சேர்த்து வந்ததானாலும், சேவல் இருந்த இடத்து முட்டையில் உயிர்க்கரு இருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே அந்தக் கரு உறங்கும். அதனால்தான் பொரிப்பகங்களில் முட்டையைக் குளிர் அறையில் 15 முதல் 18 டிகிரியில், அதுவும் ஒரு வாரத்துக்குள் பொரிப்பானுக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரையில், தகரக் கூரைக்கடியில், மதியம் என்ன சூடு இருக்கும்? கரு பாதி விழித்து வளரத் தொடங்குகிறது. தொடர்ந்து வளரச் சரியான சூடு இல்லாததால் செத்துப்போகிறது. அந்த அம்மா கிண்ணத்தில் கொண்டுவந்த ரத்த வளையம் அதுதான். வீட்டில் பத்து நாளாகச் சேர்த்து, பிறகு கடையில் நான்கு நாள் இருந்த முட்டை. கடைக்காரர் மேல் குற்றமில்லை, வீட்டுக்காரர் மேலும் இல்லை. சேவல் வீட்டு முட்டையைச் சேவல் இல்லாத வீட்டு முட்டை போல வைத்ததுதான் தவறு.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிற்சில சமயம் வெள்ளை முட்டையிலும் பயறு அளவு ஒற்றை ரத்தப் புள்ளி தெரியும். அது கோழியின் வயிற்றிலேயே சிறு நாளம் உடைந்து ஒட்டியது. கரு வளர்ந்ததன்று, கெட்டதும் அன்று. வளையம் வேறு, புள்ளி வேறு. வாடிக்கையாளரிடம் இதைப் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

சாரலும் கூளமும்

நம் பகுதியில் சிறு அளவில் கோழி வளர்க்க முன்வரும் உறுப்பினர்கள் சிலர், நாமக்கல்லில் செய்வதை அப்படியே இங்கே செய்யலாமா என்று கேட்கிறார்கள். நாமக்கல் காய்ந்த பூமி. நமக்கோ ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வந்துகொண்டே இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம், ஆழ்கூளத்துக்கு அது எமன். கூளத்தை ஒரு பிடி எடுத்துப் பிசைந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஈரக் கூளத்தில் எச்சம் நொதித்து அம்மோனியா வாயு கிளம்பும். கொட்டகைக்குள் நுழைந்ததும் நம் கண் கரித்தால், நாள் முழுக்க அதில் இருக்கும் கோழியின் கண்ணையும் மூச்சையும் எண்ணிப் பாருங்கள். ரத்தக் கழிச்சல் நோயும் ஈரக் கூளத்தில்தான் பெருகும். முட்டை குறையும், வரும் முட்டையும் அழுக்காக வரும். இங்கே தரையில் வளர்ப்பவர்கள் கூரையை நன்றாக வெளியே நீட்ட வேண்டும். மேல்காற்று அடிக்கும் பக்கத்தில் சாக்குப் படுதா வேண்டும். கூளத்தை அடிக்கடி கிளறிச் சிறிது சுண்ணாம்பு கலக்க வேண்டும். கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டினால் வெயில் உள்ளே விழாது என்ற பொது விதி இங்கும் சரியே, ஆனால் மேற்குக் குறுக்குச்சுவரை மூடிக் கட்டாவிட்டால் சாரல் நேராக உள்ளே வரும்.

வெயில் காலத்தின் கதை வேறு. கோழிக்கு வேர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து சரியாகக் கூடுவதில்லை. தீவனமும் குறைவாகத் தின்னும். ஓடு மெலிந்து, முட்டை சிறுத்து வரும். கோடையில் லாரியிலிருந்து இறக்கும்போது உடைசல் கூடுவதற்கு ஓட்டுநரை மட்டும் நாம் திட்டிப் பயனில்லை. பெரிய முதலாளிகள் மின்விசிறியும் ஈரத்தட்டியும் வைத்த மூடிய கொட்டகைகளைக் கட்டுகிறார்கள். அங்கிருந்து வரும் முட்டையில் கோடை உடைசல் குறைவு. சிறுபண்ணைக்காரர் கூரையில் தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளிப்பதும் பலன் தருகிறது.

திறந்து மேயும் கோழிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. காட்டுப் பறவையும் வாத்தும் தொட்ட தண்ணீரை அதுவும் குடிக்கும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது முட்டை வியாபாரம் நாடு முழுவதும் படுத்ததை நாம் மறக்கவில்லை. 2014இல் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் அதே நோய் கண்டபோது புளியரைச் சோதனைச்சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளித்தார்கள். அந்த வழியே கொல்லம், புனலூர் செல்லும் சரக்கை நம்பியிருப்பவர்களுக்கு அது எத்தனை நாள் தொல்லை என்பது தெரியும்.

கொள்முதலில் செய்ய வேண்டியது

சேவல் உள்ள வீட்டு முட்டையை வாங்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதற்கு நல்ல விலையும் கேட்டு வருவோரும் உண்டு. மாசி பிறந்தால் வைகாசி முடியும்வரை மூன்று நாளில் விற்கும் அளவே எடுங்கள். தரும் வீட்டாரிடம் இட்ட தேதியைப் பென்சிலால் ஓட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கூர்முனை கீழாக அட்டையில் வையுங்கள், காற்றறை மேலிருந்தால் கரு ஓட்டில் ஒட்டாது. அழுக்கு முட்டையைக் கழுவி விற்காதீர்கள், அன்றைக்கே ஓட்டல்காரருக்குத் தள்ளிவிடுங்கள், அவர் உடனே வேகவைத்துவிடுவார். வெள்ளை முட்டையோடு கலந்து அடுக்காதீர்கள். கழித்த தாய்க்கோழி முட்டை என்று தெரிந்தால் அந்தப் பெயரிலேயே, அதற்குரிய விலையிலேயே விற்கலாம். தின்பதற்கு அதில் குறை ஒன்றுமில்லை.

நம் உறுப்பினர் இப்போது கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய சோப்புப் பெட்டியில் பல்பு பொருத்தி, முட்டை அளவுக்கு ஒரு துளை போட்டு வைத்திருக்கிறார். பெட்டி இல்லாதவர்களுக்கு இருட்டு மூலையும் கைபேசி விளக்குமே போதும். முட்டையின் அகன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்தால், புதியதில் காற்றறை ஒரு சிறு காசு அளவில் தெரியும், பழையதில் அது அகலும். சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்புகளோ, வளையமோ தெரிந்தால் எடுத்துத் தனியே வைத்துவிடலாம். முப்பது முட்டை உள்ள ஓர் அட்டையைப் பார்க்க அவருக்கு மூன்று நிமிடம் ஆகிறதாம். அந்த அம்மாவும் மீண்டும் முட்டை வாங்க வருகிறார், ஒவ்வொன்றையும் பெட்டியில் வைத்துக் காட்டச் சொல்லித்தான் வாங்குகிறார்.